பெருவிரல் அடையாளமும் நோயாளரின் சம்மதமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் மாணவ அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



“புற்றுநோய் என்ற சொல்லை விளம்பரத்தில் போடவேண்டாம் தம்பி, கூட்டத்துக்கு ஆள் வராது” என்று நம் செயலாளர் எனக்கு முன்னரே புத்தி சொன்னார். அவ்வாறே தலைப்பில் அச்சொல்லை விட்டுவிட்டேன். ஆயினும் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்நோயைச் சார்ந்ததே என்பதை, நீங்கள் எல்லோரும் வந்து அமர்ந்துவிட்ட இந்நேரத்திலே சொல்லிவிடுகிறேன்.

நான் வைத்திய மாணவன் அல்லன், விஞ்ஞானம் பயில்பவன். நோய் எவ்வாறு உண்டாகிறது, எம்மருந்து நல்லது என்பவற்றை உரைக்கும் தகுதி எனக்கில்லை. என் பொருள் சிறியது. எழுத வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு, அல்லது தட்டுத்தடுமாறி வாசிக்கும் ஒருவருக்கு இந்நோய் கண்டால், எச்சிகிச்சையைச் செய்வது என்ற தீர்மானத்தில் அவருக்குள்ள பங்கு யாது? அப்பங்கை அவர் எடுத்துக்கொள்ளும்படி, வாசிக்கத் தெரிந்த நாம் செய்யக்கூடியது யாது? இவ்வளவே.

“இலங்கையிலே எழுத்தறியாதார் எங்கே இருக்கிறார்கள்?” என்று சிலர் கேட்பீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத்தறிவுடைய நாடு என்று நாம் பெருமை பேசுவது உண்மைதான். ஆனால் புற்றுநோய் பெரும்பாலும் வயது முதிர்ந்தோரையே தேடி வருவது. மலையகத் தோட்டங்களிலே இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்து நிற்கும் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கும்வரை அங்கே கல்வி என்பது பெயரளவில் இருந்தது. பெண்பிள்ளை பத்து வயதிலே கொழுந்துக் கூடையையோ தம்பியையோ சுமக்கப் போய்விடுவாள். வடக்கிலும் கிழக்கிலும் யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பாடசாலையை இடைநடுவில் விட்டவர்கள் எத்தனை பேர்! இவர்களிற் பலர் குடிசனமதிப்பிலே எழுத்தறிந்தோராகவே எண்ணப்பட்டிருப்பர். பேருந்துப் பலகையை வாசிப்பார்கள்; பெயரை எழுதுவார்கள். சோதனைக்கூடத்து அறிக்கையை வாசிப்பது வேறு. அவ்வறிக்கையோ ஆங்கிலத்தில் இருக்கும். அதன் முன்னே, இங்கிருக்கும் பட்டதாரிகளிலும் பாதிப்பேர் எழுத்தறியாதவர்களே என்று சொன்னால் கோபிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு வைத்தியசாலைக்குப் போயிருந்தேன். அடுத்த வாங்கிலே அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. பக்கத்தில் அவருடைய மகன். தாதி ஒருவர் மைப்பெட்டியையும் ஒரு தாளையும் கொண்டுவந்து, “இதில் விரலை வையுங்கோ அம்மா” என்றார். அம்மா மகனைப் பார்த்து, “என்ன ராசா இது?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை அம்மா, ஒப்பிரேசனுக்கு ஒரு படிவம். வையுங்கோ” என்றான் மகன். அம்மா வைத்தார். பின்பு சேலைத் தலைப்பிலே விரலைத் துடைத்துக்கொண்டு, மை போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தாதி கடுமையானவர் அல்லர். நாற்பது பேரைப் பார்க்கவேண்டிய காலை வேளை அது. மகனும் தாயிடம் அன்பில்லாதவன் அல்லன். இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவன். எல்லோரும் தத்தம் கடமையைச் செய்தார்கள். உடம்புக்குச் சொந்தக்காரரான ஒருவருக்குத்தான் அத்தாளிலே என்ன இருக்கிறது என்பது தெரியாமற் போயிற்று.

வாசிக்கத் தெரியாதவருக்கு விளங்காது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பாதிரிமார் பாடசாலையிற் படித்த எனக்கு இவ்வெண்ணம் இன்னும் சற்று அதிகமாகவே இருந்தது. அங்கே அறிவென்றாலே புத்தகந்தான். ஆனால் நமது கோயில்களிலே நடைபெறும் புராணபடனத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் செய்யுளை வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். தூணோடு சாய்ந்திருந்து கேட்கும் ஆச்சிமாரிற் பலர் ஏட்டைத் தொட்டறியாதவர்கள். ஆயினும் சூரபன்மன் செய்தது எங்கே பிழைத்தது என்று அவர்களோடு வாதாடிப் பாருங்கள். வென்று வருவது எளிதன்று. பயன் சொல்பவர் ஓரிடத்தைத் தாவினால் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இல்லாதது எழுத்து, விளக்கம் அன்று. வைத்தியசாலையிலே இல்லாதது பயன் சொல்பவர்.

இதே உண்மையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து செயற்பட்டவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர். மானிப்பாயிலே வைத்தியசாலை நிறுவி மாணாக்கருக்கு முதலில் ஆங்கிலத்திலே வைத்தியம் கற்பித்த அவர், பின்பு 1860களிலே தமிழிலே கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்திற் படித்தவர்கள் உத்தியோகந் தேடி வெளியே போய்விடுகிறார்கள், தமிழிற் படித்தவர்களே கிராமத்து மக்களோடு தங்குவார்கள் என்பது அவருடைய எண்ணம். ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ என்ற நூல்கள் எல்லாம் அவர் முயற்சியாற் பிறந்தவை. மதத்தில் நாம் அவரோடு ஒத்துப்போகாதிருக்கலாம். உடம்பைப் பற்றிய செய்தியை உடம்புக்குரியவரின் பாஷையிலே சொல்லவேண்டும் என்பதில் அவரோடு ஒத்துப்போகாதிருக்க நமக்கு நியாயம் இல்லை. அன்று அவர் செய்தது புத்தகம் வாசிப்போருக்கு. வாசிக்காதோருக்கு அதைச் செய்யும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

இனி, “இதிலே நோயாளி தீர்மானிப்பதற்கு என்ன இருக்கிறது? வைத்தியர் சொன்னதைச் செய்வதுதானே?” என்ற கேள்விக்கு வருகிறேன். பல நோய்களிலே ஒரே வழிதான் உண்டு. அங்கே பேச்சு அதிகம் வேண்டியதில்லை. ஆனால் சில இடங்களில் உண்மையாகவே இரண்டு வழிகள் உள்ளன. நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் மார்புப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம்.

சென்ற நூற்றாண்டிலே நெடுங்காலம் இந்நோய்க்கு ஒரே விடைதான் இருந்தது. அமெரிக்காவிலே பால்ரிமோர் நகரத்துச் சத்திரவைத்தியர் ஹால்ஸ்ரெட் வகுத்த முறைப்படி மார்பு முழுவதையும், அதன் கீழுள்ள தசையையும், அக்குளிலுள்ள கணுக்களையும் சேர்த்து அகற்றிவிடுவார்கள். அக்காலத்திலே அமெரிக்கப் பெண்கள் பலர், கட்டியைச் சோதிப்பதற்கென்று மயக்கமருந்து கொடுக்கப்பட்டு, கண் விழிக்கும்போது மார்பை இழந்திருப்பார்கள். சோதனையும் சத்திரசிகிச்சையும் ஒரே மயக்கத்தில் முடிந்துவிடும். ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் 1974 இல் தமக்கு இந்நோய் கண்டபோது, “சோதனையை முதலிற் செய்யுங்கள், மற்றதை நான் அறிந்தபின் பேசுவோம்” என்று நின்றார். அதற்கு உடன்படும் வைத்தியரைத் தேடி அவர் அலைய நேர்ந்தது. 1979 இல் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய நிபுணர் குழு அவ்வழக்கத்தைக் கைவிடவேண்டும் என்றது. அக்குழுவிலே அவரும் ஓர் அங்கத்தவர். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேளாமலே வெட்டப்பட்டவர்கள் எழுத்தறியாத பெண்கள் மட்டும் அல்லர். படித்த பெண்கள் குரல் எழுப்பித் தமக்கு ஒரு வழி திறந்துகொண்டார்கள்; குரல் எழுப்பத் துணிவில்லாதவர்கள் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள்.

இதற்கிடையே விஞ்ஞானமும் மாறியது. இத்தாலியில் வெரோனேசி என்பவர் 1973 இலும், அமெரிக்காவில் பிஷர் என்பவர் 1976 இலும் ஆய்வுகளைத் தொடங்கினார்கள். மார்பு முழுவதையும் எடுத்த பெண்களையும், கட்டியையும் சுற்றியுள்ள பகுதியையும் மட்டும் எடுத்துக் கதிர்ச்சிகிச்சை பெற்ற பெண்களையும் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2002 இல் இரண்டு ஆய்வுகளின் முடிவும் வெளியாயின. உயிர் வாழ்ந்த காலத்தில் இரு சாராருக்கும் வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே நோய் ஆரம்ப நிலையில் இருந்தால், இரண்டில் எதையும் தெரிந்துகொள்ளலாம். கட்டி பெரிதாயிருந்தாலோ, பல இடங்களில் இருந்தாலோ, முன்பு அவ்விடத்திற் கதிர் பட்டிருந்தாலோ நிலைமை வேறு; அதை வைத்தியரே சொல்லவேண்டும்.

இரண்டும் சமம் என்றால், எது நல்லது என்பதை நிர்ணயிப்பது எது? அப்பெண்ணின் வாழ்க்கை! இங்கேதான் நான் உங்களைச் சற்று நிறுத்தி வைக்க விரும்புகிறேன்.

கட்டியை மட்டும் எடுத்தால் மார்பு மிஞ்சும். ஆனால் கதிர்ச்சிகிச்சைக்கு நாள்தோறும் போகவேண்டும். முன்பு அது ஐந்து கிழமை. இப்போது பல இடங்களில் மூன்று கிழமை. ஐந்தே நாட்களிலும் முடிக்கலாம் என்று பிரித்தானிய ஆய்வொன்று 2020 இற் காட்டியது. கதிர்ச்சிகிச்சை எல்லா வைத்தியசாலைகளிலும் கிடைப்பதன்று. மகரகம, கண்டி, தெல்லிப்பழை முதலிய சில இடங்களிலேதான் உண்டு. ஒரு தோட்டத் தாய் மூன்று கிழமை பட்டினத்தில் தங்குவதென்றால், தங்கும் இடம் எது? நாட்சம்பளம் போனால் அடுப்பு எப்படி எரியும்? வீட்டிலே படுத்திருக்கும் மாமியாரைப் பார்ப்பவர் யார்? இவை எந்த வைத்தியப் புத்தகத்திலும் இல்லை. அவருக்கு மட்டுமே தெரியும். மற்றொரு தாய், “எவ்வளவு கஷ்டப்பட்டாலும் என் உடம்பு முழுதாக இருக்கட்டும்” என்பார். மூன்றாமவர், “எடுத்துவிடுங்கள் ஐயா, அது இருந்தால் எனக்கு நித்திரை வராது” என்பார். மூவரும் தங்களுக்குரிய சரியான விடையைச் சொன்னவர்களே. நோயைப் பற்றிய அறிவு வைத்தியரிடம் உண்டு; வாழ்க்கையைப் பற்றிய அறிவு நோயாளியிடம் உண்டு. இரண்டாவது அறிவுக்கு எழுத்து வேண்டியதில்லை. ஆனால் முதலாவது அறிவு அவர் காதுக்கு எட்டினால்தான் இரண்டாவதை அதனோடு சேர்த்து எடைபோட முடியும்.

எட்டச் செய்வது எப்படி? முதலிற் சொற்கள். “பயொப்சி” என்பதைச் “சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கிறது” என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்? கதிர்ச்சிகிச்சையைச் சிலர் “கரண்ட் வைக்கிறது” என்கிறார்கள். அச்சொல்லைக் கேட்ட ஒரு கிழவி, மின்சாரம் பாய்ச்சப் போகிறார்கள் என்று நடுங்குவது நியாயமே. “படம் எடுக்கும் எக்ஸ்றே போல, ஆனால் பலம் கூடியது, அந்நேரத்தில் நோகாது, சில நாளிலே தோல் வெயிலிற் கறுத்ததுபோல ஆகலாம், களைப்பு வரும்” என்று சொல்லலாம். “கத்தி பட்டாற் புற்று பரவும்” என்று ஊரிலே ஒரு பேச்சு உண்டு. அதைச் சிரித்துத் தள்ளுவது பெரும்பிழை. நோய் முற்றிய பின்பே வைத்தியசாலைக்குப் போனவர்கள் கத்தி பட்ட சில மாதத்தில் இறந்ததைக் கண்டவர்கள் கட்டிய முடிவு அது. கண்டது உண்மை, காரணந்தான் வேறு. அப்படிச் சொன்னாற் கேட்பார்கள்.

பின்பு எண்கள். “முப்பது சதவீத ஆபத்து” என்பது படித்தவரையும் மயக்கும் பேச்சு. பிஷரின் ஆய்விலே இருபது ஆண்டுக்குள் அதே மார்பிற் கட்டி திரும்பி வந்தவர்கள், கதிர் பெறாதவர்களில் நூற்றுக்கு 39 பேர். கதிர் பெற்றவர்களில் நூற்றுக்கு 14 பேர். (இன்றைய மருந்துகளால் இத்தொகை இன்னும் குறைந்திருக்கிறது.) இதை எப்படிக் காட்டுவது? நூறு புளியங்கொட்டையை ஒரு சுளகிலே பரப்புங்கள். பதினான்கைத் தோல் உரித்து வெள்ளையாக்கிக் கலந்துவிடுங்கள். “அம்மா, இந்த நூறும் உங்களைப்போலக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் பிடித்த நூறு பெண்கள். வெள்ளையாய் இருப்பவர்களுக்கு அது திரும்பி வந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை. நீங்கள் எந்தக் கொட்டை என்று ஒருவராலும் சொல்லமுடியாது.” பல்லாங்குழி ஆடி வளர்ந்தவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? மேல்நாட்டார் இதையே நூறு சிறு உருவங்களாகத் தாளிலே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலே நான்கு புற்றுநோய் நிலையங்களில், இவ்விரு சத்திரசிகிச்சைகளையும் எளிய சொற்களில் ஒப்பிடும் தாளையும், படங்களோடு ஒப்பிடும் தாளையும் சத்திரவைத்தியர்கள் நோயாளரோடு இருந்து பேசும்போதே பயன்படுத்திப் பார்த்தார்கள். தாள் ஒன்றும் இல்லாத வழக்கமான முறையைக் காட்டிலும் அவை பெண்களுக்கு உதவின என்று 2021 இல் எழுதினார்கள். கவனிக்கவேண்டியது, தாளைக் கையிற் கொடுத்து அனுப்பிவிடவில்லை என்பதே.

மூன்றாவது, சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. நாம் எல்லோரும் கேட்பது, “விளங்கிச்சுதா?” எல்லோரும் சொல்வது, “ஓம் ஐயா.” அந்த “ஓம்” மரியாதையின் அடையாளம்; விளக்கத்தின் அடையாளம் அன்று. வாசிக்கத் தெரியாததை மறைப்பதற்கு நம்மவரிடம் எத்தனை நயமான வழிகள்! “கண்ணாடியை வீட்டிலே விட்டிட்டு வந்திட்டன் தம்பி; நீரே வாசியும்.” அதைக் குத்திக் கேட்பது அவமதிப்பு. அதற்குப் பதிலாக, “ஆச்சி, வீட்டுக்குப் போனதும் உங்கள் மகள் கேட்பா. அவவுக்கு இதை எப்படிச் சொல்லுவீங்கள்? நான் சரியாகச் சொன்னேனோ என்று பார்க்கிறேன்” என்று கேட்டுப் பாருங்கள். பரீட்சை சொல்பவருக்கு ஆகிறது. கேட்பவருக்கு வெட்கம் இல்லை. இவ்வளவு எளிய காரியத்தை யாரும் செய்வதில்லை. சான்பிரான்சிஸ்கோ நகரில் நீரிழிவு நோயாளரோடு வைத்தியர்கள் பேசியதைப் பதிந்து 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, புதிதாகச் சொல்லப்பட்ட 124 விஷயங்களில் வைத்தியர்கள் இவ்வாறு திருப்பிக் கேட்டுப் பார்த்தவை 15 மட்டுமே. அங்கே அப்படியென்றால், ஒருவர் பின் ஒருவராக நூறு பேர் காத்திருக்கும் நம் சிகிச்சைக் கூடங்களைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

சட்டமும் இப்பக்கம் திரும்பியிருக்கிறது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015 இல் மொன்ற்கொமரி என்ற தாயின் வழக்கிலே, நோயாளிக்கு முக்கியமாகப் படக்கூடிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் வைத்தியர் அவருக்கு எடுத்துரைக்கவேண்டும் என்று தீர்த்தது. விளங்காத விவரங்களை அள்ளிக் கொட்டுவதாலும் படிவத்திற் கையொப்பம் வாங்குவதாலும் அக்கடமை நிறைவேறிவிடாது என்றும் அத்தீர்ப்புக் கூறுகிறது. அது நம் நாட்டுத் தீர்ப்பு அன்று. ஆயினும் நியாயம் கடல் தாண்டியும் நியாயமே.

பெரியோர்கள் இங்கே ஒரு தடை சொல்வீர்கள் என்பதை அறிவேன். “நோயின் பெயரைச் சொன்னால் அவர் மனம் உடைந்துபோவார். சொல்லாமல் வைத்துப் பிள்ளைகள் தீர்மானிப்பதே அன்பு.” இத்தடையை நான் இலேசாக எண்ணவில்லை. அன்பினாலேதான் அப்படிச் செய்கிறோம். ஆனால் மகரகமைக்குப் போகும் பேருந்தில் ஏறியவருக்கு எதை மறைக்கப்போகிறோம்? அடுத்த கட்டிலில் இருப்பவர் சொல்வார். உதிரும் தலைமயிர் சொல்லும். எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் பேசாத வீட்டிலே, நோயாளி தம் பயத்தை யாரிடம் சொல்வார்? அவரும் பிள்ளைகளுக்காகத் தெரியாததுபோல நடிக்கத் தொடங்குவார். அதற்காக, கேட்க விரும்பாதவரைப் பிடித்துவைத்துச் சொல்லவேண்டும் என்பதும் அன்று. முதலில் அவரையே கேட்கலாம்: “அம்மா, டொக்டர் சொல்வதெல்லாவற்றையும் கேட்க விருப்பமோ, இல்லாவிட்டால் யாரிடம் சொல்லவேண்டும்?” “எனக்கொன்றும் வேண்டாம், மூத்தவனிடம் சொல்லுங்கோ” என்றால் அதுவும் அவர் தீர்மானமே, அதை மதிக்கவேண்டும். கேளாமலே மூத்தவன் எடுத்துக்கொள்வதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இதிலும் கடினமான தடை ஒன்று உண்டு. அதை விஞ்ஞானமே எழுப்புகிறது. விளக்கிச் சொன்னால் நோயாளர் “வேண்டாம்” என்று சொல்லிவிடமாட்டார்களா? சொல்லுவார்கள். அவுஸ்திரேலியாவில் நியூசவுத்வேல்ஸ் மாநிலத்தில், கல்வி குறைந்த 572 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2010 இல் வெளியாயிற்று. குடற்புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் சோதனையைச் செய்வதா விடுவதா என்பதைப் பற்றியது அது. ஒரு சாராருக்கு வழக்கமான அரசாங்கக் கைநூல். மற்றவர்களுக்கு, நன்மை தீமை இரண்டையும் எளிய சொல்லிலும் படத்திலும் விளக்கிய கைநூலும் வீடியோப் படமும். விளக்கம் பெற்றவர்களில் நூற்றுக்கு 34 பேர் தெளிந்து தீர்மானித்தார்கள். மற்றவர்களில் 12 பேர்தான். ஆனால் சோதனையைச் செய்துகொண்டவர்கள், விளக்கம் பெறாதவர்களில் 75 பேர். விளக்கம் பெற்றவர்களில் 59 பேர்!

இதை வாசித்தபோது நான் நெடுநேரம் யோசித்தேன். சுகாதார அதிகாரி ஒருவர் இதைக் கண்டால், “விளக்கியதால் பதினாறு பேரை இழந்தோம்” என்பார். அவர் கவலை வீணானதன்று. அப்பதினாறு பேரில் ஒருவருக்கேனும் நோய் ஒளிந்திருக்கக்கூடும். ஆயினும், விளங்காமையை நம்பி ஒருவரை நன்மை செய்யவைப்பது எத்தனை நாளைக்கு? ஒருமுறை ஏமாற்றப்பட்டதாக எண்ணும் கிராமம் மறுமுறை வாய் திறக்காது. தடுப்பூசி என்றாலும் கதவைச் சாத்தும். “ஓம்” என்ற விடையை மட்டும் ஏற்றுக்கொள்ளும் கேள்வி, கேள்வியே அன்று. ஒன்று மட்டும் சொல்வேன்: நோய் இருப்பது உறுதியாகி, ஒரே வழிதான் உண்டு, விட்டால் உயிர் போகும் என்ற நிலையிலே, சொல்பவர் நடுநிலை என்ற பெயரால் ஒதுங்கி நிற்கக்கூடாது. “இதைச் செய்யாவிட்டால் இன்னது நடக்கும், செய்யும்படி நான் சொல்கிறேன்” என்று வாய் திறந்து சொல்லவேண்டும். விளக்குவது என்றால் அபிப்பிராயம் இல்லாமல் இருப்பது அன்று.

இப்போது என் வயதினரிடம் பேசுகிறேன். வீட்டிலே யாருக்காவது நோய் வந்தால் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுபவர்கள் நாம். ஆங்கிலம் தெரியும், சிங்களம் ஓரளவு தெரியும், படிவம் நிரப்பத் தெரியும். வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஐந்து நிமிஷம் பேசுவார். நாம் திரும்பி, “ஒப்பிரேசன் செய்யவேணுமாம்” என்று மூன்று சொல்லில் முடிப்போம். இடையிலே எத்தனை விஷயம் நம் தொண்டைக்குள் நின்றுவிட்டது! தமிழும் 1987 முதல் இந்நாட்டில் அரசகரும மொழிதான். ஆனால் சட்டம் வாட்டுக்குள் வந்து மொழிபெயர்க்காது. மொழிபெயர்ப்பவன் தனக்குப் பிடித்ததைத் தெரிந்து சொல்பவன் ஆகும்போது, அவன் மொழிபெயர்ப்பவன் அல்லன். நோயாளியின் இடத்தில் ஏறி உட்கார்ந்தவன். அதனால் துணைக்குப் போகிறவர், அம்மா சொல்லும் கேள்வியையும் வைத்தியர் சொல்லும் விடையையும் குறையாமற் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அம்மாவின் கேள்வி நமக்கு வெட்கமாயிருந்தாலும் கேட்கவேண்டும். “திரும்பக் கள்ளுக் குடிக்கலாமோ?” என்று ஒரு தாத்தா கேட்டால் அதையும் கேட்கவேண்டும். அவருக்கு அது பெரிய விஷயம்.

2011 இலே தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை பல்லாயிரவர் நடந்து, தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை கட்டப் பணம் சேர்த்தார்கள். அத்தகைய பெருங்காரியத்துக்கு நம் சங்கத்துக்குப் பலம் போதாது. நான் கேட்பது மிகச் சிறிது. மாதத்தில் இரண்டு நாளை ஒதுக்கக்கூடிய பத்து அங்கத்தவர்கள் வேண்டும். கூட வர ஆளில்லாத நோயாளரோடு சிகிச்சைக் கூடத்துக்குப் போவது. போவதற்கு முதல் நாள் அவர் கேட்க விரும்புவதைக் கேட்டு மனத்திலே வைத்துக்கொள்வது. வைத்தியர் அனுமதித்தால் அவர் பேச்சைக் கைத்தொலைபேசியிற் பதிந்து, நோயாளியின் வீட்டாருக்குப் போட்டுக் காட்டுவது. படிவத்திலே விரல் வைக்குமுன் அதை முழுவதும் வாய்விட்டுத் தமிழில் வாசிப்பது. “நானென்றால் இதைத்தான் செய்வேன்” என்று சொல்வதற்கு மட்டும் அவர்களுக்கு அனுமதி இல்லை. ஒரு சுளகும் நூறு புளியங்கொட்டையும் நான் கொண்டுவருகிறேன்.

மலையகப் பகுதி அங்கத்தவர்களும் சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களும் முதலிலே தேவைப்படுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.